கேசரிப் பவுடர்

சார்லஸ் மாஸ்டரின் நெஞ்சுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கவிஞர்கள் சொல்கிற கடிகாரம் இல்லை, காதுக்குக் கேட்கிற கடிகாரம். இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிப்போக, மதுரையில் நெஞ்செலும்பைப் பிளந்து, உலோக வால்வு ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். அது மூடும்போதெல்லாம் 'டிக்' என்றது. அறந்தாங்கி வட்டாரத்துக் கல்யாணச் சமையல்கட்டுகளில் அவர் குனிந்து சாம்பாரை முகர்ந்தால், பக்கத்தில் நிற்பவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வான்.

"ஒன்னோடது இல்லப்பா, என்னோடது," என்பார் மாஸ்டர். "சாவி குடுக்க வேணாம், பேட்டரி மாத்த வேணாம். எம் பொண்டாட்டி திட்டுனா மட்டும் கொஞ்சம் முந்தி ஓடும்."

அந்தக் கடிகாரம் நிற்காமல் ஓட ஒரே ஒரு நிபந்தனை. ரத்தம் உறையாமல் இளக்கி வைக்கிற மாத்திரையைத் தினமும் ராத்திரி விழுங்கவேண்டும். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து, அளவு சரிதானா என்று பார்க்கவேண்டும். இளக்கம் கூடினால் உடம்புக்குள் கசியும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். மதுரை டாக்டர் இதை விளக்கியபோது மாஸ்டர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "உப்பு மாதிரிங்கிறீங்க."

மாத்திரை கொடுப்பது மனைவி சந்தனமேரியின் பொறுப்பு. ராச்சாப்பாடு முடிந்ததும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள். மாஸ்டர் கண்ணை மூடி, கையைக் குவித்து, பூசையில் நற்கருணை வாங்குவதுபோல் நாக்கை நீட்டுவார்.

"பாவம் புடிக்கும்ங்க, வெளையாடாதீங்க."

"ஆமென்," என்று சொல்லி விழுங்குவார்.

ஒருநாள்கூட அவள் தவறவிட்டதில்லை. வெளியூர்ச் சமையலுக்குப் போனால் போனில் கூப்பிட்டு, விழுங்குகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

இப்படியாக ஓடிக்கொண்டிருந்த மனிதருக்கு, மாசி மாதத்தில் இருமல் வந்தது.

சமையல்காரன் இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மிளகாய் நெடி என்று ஒன்று இருக்கிறதே. மாஸ்டரும் எல்லோரிடமும் அதையே சொன்னார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தபோது, "டயட்டுல இருக்கேன், மாப்ளை பாக்க வாராங்க," என்றார். ஆனால் மணமேல்குடிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குச் சமைக்கப் போயிருந்த இடத்தில் இருமித் துப்பியதில் சிவப்பாக ஏதோ கலந்திருந்தது. அதை மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, உதவியாள் ஐயனாரிடம் தேங்காய் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, நேராக அங்கிருந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். நோயைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல ஊர் எது?

டி.பி. என்றார்கள்.

அங்கிருந்த டாக்டர் நிதானமானவர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவுடன் நிமிர்ந்து பார்த்தார். "வால்வு மாத்தியிருக்கா? ரத்தம் இளக்குற மாத்திரை போடுறீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நல்லாக் கேட்டுக்குங்க. டி.பி.க்கு நான் குடுக்குற மாத்திரையில ஒண்ணு இருக்கு, ஈரலை முடுக்கிவிட்டுரும். முடுக்கிவிட்ட ஈரல் கிரைண்டர் மாதிரி. ஒங்க பழைய மாத்திரை உள்ள போனதும் அரைச்சுத் தள்ளிரும், வேலை செய்ய விடாது. அதனால மதுரை டாக்டரை ஒடனே பாருங்க. அவர் பழைய மாத்திரையோட அளவைக் கூட்டணும், அடிக்கடி ரத்தம் டெஸ்ட் பண்ணிக் கூட்டிக்கிட்டே வரணும். நான் சீட்டு எழுதித் தாரேன். புரியுதா?"

"கிரைண்டர்ங்கிறது புரியுதுங்க."

"இன்னொண்ணு. மூத்திரம், வேர்வை எல்லாம் ஆரஞ்சா வரும். பயப்பட வேண்டாம்."

"நம்ம தொழிலுக்கு அது பொருத்தந்தாங்க," என்றார் மாஸ்டர். டாக்டர் சிரிக்கவில்லை. விலாசம் கேட்டபோது, அங்கே மீன் ஏலம் எடுக்கிற ஒரு கூட்டாளியின் விலாசத்தைச் சொன்னார்.

மதுரைக்குப் போகவேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் மதுரைக்கு எப்போதும் சந்தனமேரியும் கூட வருவாள். அவள் காதில் விழுந்தால் அழுவாள். அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக்குக் கேட்டால் அறந்தாங்கிக்கே கேட்ட மாதிரி. ஆண்டிச்சாமி என்றொரு சமையல் மாஸ்டர் இருந்தார். அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது, போனது. வந்ததை ஊர் நம்பியது, போனதை நம்பவில்லை. இன்று அவர் ஒரு மண்டபத்து வாசலில் வாட்ச்மேன். உள்ளே வேறு ஆள் சமைக்கிற வாசனையைப் பிடித்துக்கொண்டு, வருகிற கார்களுக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறார். மஞ்சள்காமாலைக்கே அப்படி என்றால் டி.பி.க்கு? "சார்லஸ் கையால சாப்புட்டியா? போ, எக்ஸ்ரே எடு" என்பார்கள். பங்குனியில் ஓய்வு கிடைக்கும், அப்போது மதுரைக்குப் போகலாம் என்று தள்ளிவைத்தார். பங்குனியில் கோயில் அன்னதானங்கள் வந்தன. சித்திரையில் முகூர்த்தங்கள். சீட்டு சட்டைப்பையில் இருந்து, சலவைக்குப் போய், கூழாகித் திரும்பியது.

டி.பி. மாத்திரைகளை அவர் தன் மசாலா டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அந்தப் பெட்டியை அவரைத் தவிர யாரும் திறக்கக்கூடாது என்பது அவருடைய சமையல்கட்டின் சட்டம். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். உள்ளே ஏதோ பரம்பரை ரகசியப் பொடி இருப்பதாக ஐயனார் நம்பினான். காலையில் வெறும் வயிற்றில், அடுப்பு பற்றவைப்பதற்கு முன், பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு மாஸ்டர் ரகசியத்தை விழுங்குவார்.

பனியன்கள் ஆரஞ்சாகின. சந்தனமேரி சவுக்காரம் போட்டுக் கசக்கிக்கொண்டே கத்துவாள்.

"என்னங்க இது, அக்குள்ளயா கேசரி கிண்டுறீங்க?"

"கேசரிப் பவுடர் மேரி. காத்துல பறக்குது. மூட்டை மூட்டையாப் போடச் சொல்றாய்ங்க, எல்லாப் பயலுக்கும் கேசரி செவப்பா இருக்கணுமாம்."

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் எதுவும் கொடுத்ததில்லை அவர். பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர் சொல்கிற முதல் பொய்க்கு இருக்கிற மதிப்பே தனி.

ரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த காரணத்தை, வேறு தொழில்காரன் எவனும் கண்டுபிடித்திருக்க முடியாது.

வால்வு வைத்த நாளிலிருந்து மாஸ்டருக்குக் கத்திதான் எதிரி. வெங்காயம் நறுக்கும்போது விரலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், துணியைச் சுற்றி, காப்பிப்பொடி அப்பி, கையை மேலே தூக்கிக்கொண்டு அரைமணி நேரம் பள்ளிக்கூடப் பையன்போல் நிற்கவேண்டும். சாம்பாரே இறக்கியாகிவிடும், ரத்தம் நிற்காது. இப்போது பார்த்தால், கீறல் விழுகிறது, அழுத்திப் பிடிக்கிறார், நின்றுபோகிறது. அடுத்த வெங்காயத்தை எடுக்கலாம்.

"பாத்தியா ஐயனாரு," என்று விரலைக் காட்டினார். "மிஷினுக்குப் பழகிருச்சு ஒடம்பு. புதுசு மாதிரி ஆகிட்டேன். இனிமே லேப்பு எதுக்கு? எம் டெஸ்ட்டெல்லாம் அரிவாமணையிலதான்."

"ஒங்களுக்கு வயசு கொறையுது மாஸ்டர்," என்றான் ஐயனார்.

ரத்தம் நிற்பதைக் கண்டு அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார். உள்ளே எங்கெல்லாம் நிற்கிறது என்று விரல் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு மத்தியானம். இரவெல்லாம் சமைத்துவிட்டு வந்து மாஸ்டர் தூங்கப் படுத்தார். கரண்ட் போய், ஃபேன் நின்று, வீடு அமைதியாக இருந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சந்தனமேரி கையை நிறுத்தினாள்.

"என்னங்க. ஒங்க சத்தம் கேக்கலியே."

"குறட்டை விடலையேன்னு கவலையாக்கும்?"

"அது இல்லங்க. டிக் டிக். இம்புட்டு அமைதிக்கு அடுப்படி வரைக்கும் கேக்குமே." அவள் எழுந்து வந்து அவருடைய நெஞ்சில் காதை வைத்தாள். "கேக்குது. ஆனா துணியப் போட்டு மூடுன மாதிரி இருக்கு."

"ஆயில் சர்வீஸ் விட்டேன். அப்பிடித்தான் இருக்கும்."

"வெளையாடாதீங்க. மதுரைக்குப் போவமா?"

"வைகாசி முகூர்த்தம் முடியட்டும், போவோம்," என்றார். சொல்லும்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

வைகாசி முகூர்த்தம் முடியவில்லை. திருவரங்குளம் பக்கத்தில் ஒரு கல்யாணம். காலைப் பந்திக்குப் பொங்கலும் இட்லியும் போய்விட்டன. மத்தியானச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்தார். உப்பு கம்மி. ஐயனாரிடம் சொல்லத் திரும்பினார்.

"உப்பு," என்றார்.

'கம்மி' வரவில்லை. தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்றது. கரண்டி கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. குனிந்து எடுக்க வலது கையை நீட்டினார், கை நீளவில்லை. அந்தக் கை யாருடையதோபோல் தொங்கியது. என்னடா இது என்று கேட்க வாயைத் திறந்தார்.

"உப்பு," என்றது வாய்.

"போட்டுட்டேன் மாஸ்டர்," என்றபடி திரும்பிய ஐயனார், அவருடைய முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து அலறினான்.

புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாஸ்டருக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. அதுதான் கொடுமை. ஸ்கேன் எடுத்தார்கள், நெஞ்சில் எக்கோ எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூத்திரத்துக்குக் குழாய் போட்டார்கள். இடுப்பிலிருந்த அரைஞாண் கயிற்றை நர்ஸ் கத்தரித்து, சாவியோடு சந்தனமேரி கையில் கொடுத்தாள்.

டாக்டர் உமா இளவயதுக்காரர். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"வால்வுல ரத்தக்கட்டி இருக்கும்மா. அதுல ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டுப் போய் மூளையில அடைச்சிருக்கு. பேச்சு வராது, வலது பக்கம் அசையாது. ரத்தம் டெஸ்ட் பாத்தேன், இளக்கமே இல்ல. மாத்திரையை எப்ப நிறுத்தினாரு?"

"நிறுத்தலிங்க மேடம். நாந்தான் தெனமும் குடுக்குறேன்."

"சில பேரு வாயில வாங்கி அப்புறம் துப்பிருவாங்க."

"எங் கண்ணு முன்னாடிதான் முழுங்குவாரு. நாக்கை நீட்டிக் காட்டுவாரும்மா!"

"மாத்திரை போட்டிருந்தா ரத்தம் இப்பிடி இருக்காதும்மா. வேற எதும் மருந்து, நாட்டு மருந்து, ஏதாவது சாப்பிட்டாரா?"

"ஒண்ணும் இல்லிங்க. ஒரு காய்ச்ச மாத்திரைகூடக் கெடையாது."

டாக்டர், பொய் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவர் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை சந்தனமேரியின் மேல் விழுந்ததைக் கட்டிலில் கிடந்த மாஸ்டர் பார்த்தார். இருபது வருஷமாக நாக்கில் மாத்திரை வைத்த கை அது. அவள்மேலா?

"உப்பு!" என்று கத்தினார். "உப்பு, உப்பு!"

"சாப்பாட்டுல உப்பு கேக்குறாரு போல," என்றாள் நர்ஸ்.

இடது கையால் இடுப்பைத் தட்டிக் காட்டினார். சாவி இருந்த இடம். பெட்டி, பெட்டியைத் திறங்கள். நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போய் பெட்பேன் கொண்டுவந்து சொருகினாள். வாழ்நாளெல்லாம் சொன்ன ஜோக்குகளுக்குக் கடவுள் ஒரே ஜோக்கில் பதில் சொல்லிவிட்டார் என்று தோன்றியது மாஸ்டருக்கு. இடது கையில் பேனாவைத் திணித்துப் பார்த்தார்கள். அவர் 'டி' என்று எழுத முயன்றார். கரண்டி மாதிரி ஒன்று வந்தது. "சமையல்காரருல்ல," என்றார் பக்கத்துக் கட்டில்காரர், பரிதாபமாக.

டாக்டர் அவர்மேல் குனிந்தார். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" மாஸ்டர் பலமாகத் தலையாட்டினார். "நீங்க சென்னையா?" அதே வேகத்தில், அதே மாதிரி தலை ஆடியது. இல்லை என்று ஆட்டத்தான் நினைத்தார், தலை கேட்கவில்லை.

"இவர் தலையாட்டுறதை நம்ப முடியாது," என்றார் டாக்டர்.

அப்போதுதான் நர்ஸ் கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். மூத்திரப் பையில் அடர்ந்த ஆரஞ்சுச் சிவப்பு.

"டாக்டர், யூரின்ல பிளட்."

உமா குனிந்து பையைத் தூக்கிப் பார்த்தார். "ரத்தம் இளகவே இல்ல, ஆனா யூரின்ல ரத்தமா? ஒண்ணுக்கொண்ணு ஒட்டலையே. லேப்புக்கு அனுப்புங்க. கட்டி கரையுறதுக்கு இன்ஜெக்ஷன் ஆரம்பிக்க இருந்தேன். உள்ள எங்கயாவது ரத்தம் போகுதுன்னா அதைப் போட்டாக் கொன்னுரும். ரிசல்ட் வரட்டும்."

ரத்தம் இல்லை அது. காலையில் விழுங்கிய மாத்திரை. அந்த ஆஸ்பத்திரியிலேயே அதைத் தெரிந்த ஆள் ஒருவர்தான், அவருக்கோ உப்பைத் தவிர வேறு வார்த்தை இல்லை. நெஞ்சுக்குள் வால்வின் கதவு சிக்கிக் கிடக்க, போடவேண்டிய ஊசி தட்டில் காத்திருக்க, மாஸ்டர் கடைசியாக அவருக்குத் தெரியாத ஒரு காரியத்தைச் செய்தார். அழுதார். ஆத்தா செத்தபோதுகூடப் பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்டவர் அவர்.

"அழுவாதீங்க. ஒண்ணும் ஆவாது," என்று சந்தனமேரி அவருடைய வெள்ளைத் துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். மறுபடி துடைத்தாள். பிறகு துண்டைப் பார்த்தாள்.

ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். பனியனில் கசக்கிக் கசக்கி அவளுக்கு நன்றாகப் பழகின நிறம். கேசரிப் பவுடர் கையில் ஒட்டும், பனியனில் ஒட்டும். கண்ணுக்குள்ளிருந்து எப்படி ஊறும்?

திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். இடது கை மெல்ல இடுப்புக்குப் போயிற்று. இந்த முறை அவள் பெட்பேன் எடுக்கவில்லை.

"ஐயனாரு," என்றாள் போனில். குரல் அமைதியாக இருந்தது. "மாஸ்டர் டிரங்குப் பொட்டி எங்கிட்டுப்பா இருக்கு?"

"மண்டபத்துலதான் அக்கா. சாவி இல்லியே."

"சாவி எங்கிட்ட இருக்கு. நீ பூட்டை ஒடை."

"அக்கா, மாஸ்டர் கொன்னுருவாரு..."

"ஒடைடா!"

கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கிராம்பு டப்பாவுக்கும் கசகசாவுக்கும் நடுவில், பட்டை பட்டையாக மாத்திரை. அவள் துண்டையும் போனையும் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினாள்.

டாக்டர் உமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார். கையில் அப்போதுதான் வந்த லேப் ரிசல்ட் இருந்தது. மூத்திரத்தில் ரத்தம் இல்லை.

"டி.பி. மாத்திரைம்மா இது," என்றார். "இதுதான் ரத்த மாத்திரையை வேலை செய்ய விடாம அடிச்சிருக்கு. நீங்க குடுத்தது தெனமும் உள்ள போயிருக்கு. போயும் போகாத மாதிரிதான்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஒங்களைத் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

சந்தனமேரிக்கு அதைக் காதில் வாங்கிக்கொள்ள நேரமில்லை. "இப்ப பொழைச்சுக்குவாரா மேடம்?"

ஊசி ஏறியது. டாக்டர் பலருக்கும் போன் செய்தார். கட்டிலருகே வந்து, மாஸ்டருக்கும் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, மறைக்காமல் சொன்னார். வால்வின் ஒரு கதவு அசையவில்லை. ஊசி மட்டும் போதாது. மதுரைக்குக் கொண்டுபோய் மறுபடி திறக்கவேண்டியிருக்கும். மூளையில் அடைப்போடு, நுரையீரலில் இந்த நோயோடு திறப்பது பெரிய ஆபத்து. திறக்காமல் விடுவது அதைவிடப் பெரிசு. பேச்சு திரும்புமா என்றால், சொல்ல முடியாது.

"இன்னொண்ணும்மா. வீட்டுல கூட இருந்தது நீங்க. ஒங்களுக்கும் எக்ஸ்ரே எடுக்கணும், சளி டெஸ்ட் பண்ணணும். இருமல் இருக்கா?"

"கொஞ்சமா இருக்கு மேடம். மிளகா நெடின்னு..." அவள் பாதியில் நிறுத்தினாள். அவள் மிளகாய் வறுப்பதே இல்லை. வீட்டுக்கு வேண்டிய பொடியெல்லாம் மாஸ்டர்தான் அரைத்துக்கொண்டு வருவார்.

மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊருக்குத் தெரிந்தால் ஆர்டர் போகும் என்று பயந்தது சரிதான். ஐயனார் போன் செய்து, பெட்டியைத் திறந்தபோது பெண்வீட்டார் பார்த்துவிட்டதையும், சாம்பாரை வாய்க்காலில் ஊற்றிவிட்டு ஹோட்டலுக்கு ஆள் அனுப்பியதையும் அழுதுகொண்டே சொன்னது கட்டில் வரைக்கும் கேட்டது. போகட்டும். ஊரிலிருந்து மறைத்தது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்தில் படுத்தவளிடம் மறைத்தது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆம்புலன்சில் ஏற்றினார்கள். வெயில் கொளுத்தியது. சந்தனமேரி அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்தாள். முகத்துக்கு மாஸ்க் கொடுத்திருந்தார்கள், இருவருக்கும்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா என்ன?" என்றாள். "அழுவேன், அம்புட்டுத்தான? அழுதுட்டு மதுரைக்கு பஸ் ஏறியிருப்பேன்ல. நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் என்ன? நீங்க சமைக்கலைன்னா நான் சமைக்கிறேன். நல்லா இருக்காது, ஆனா சாப்புடலாம்ல?"

மாஸ்டர் இடது கையால் அவளுடைய கையைத் தேடிப் பிடித்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைச் சொல்ல வாயைத் திறந்தார். முழுப் பலத்தையும் சேர்த்துத் தள்ளினார்.

"உப்பு."

சந்தனமேரி அவரையே பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே அவளுடைய கண் நிறைந்திருந்தது, அது வெறும் தண்ணீர் நிறம்தான்.

"கூடிப்போச்சா, கொறைஞ்சுபோச்சாங்க?" என்றாள்.

அவர் சொல்லவேண்டிய ஜோக் அது. அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. சிரிக்கப் பார்த்தார். பாதி முகம்தான் வந்தது.

வண்டி திருமயத்தைத் தாண்டியது. அவள் குனிந்து, அவருடைய நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். என்ன கேட்டது என்று சொல்லவில்லை. மாஸ்டரும் உள்ளுக்குள் காதைத் தீட்டிக் கேட்டுப் பார்த்தார். சைரன் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.